வயல் வேலை முடியட்டும், அப்புறம் பாட்டு

வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவுப் பிரிவில் காலம் தள்ளியவன் நான். நேரத்துக்கு வராத வித்வான்கள் எத்தனையோ பேர். தொண்டை சரியில்லை, வீட்டில் கல்யாணம் என்று காரணங்களும் கேட்டாயிற்று. பயிரைப் பார்க்கப் போகவேண்டும் என்று வெள்ளைக்காரக் குழுவையே காக்கவைத்த பாடகர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான்: மாலி நாட்டின் அலி ஃபர்க்கா தூரே.

நைஜர் ஆற்றங்கரையில், திம்புக்துவுக்குத் தென்மேற்கே இருக்கிறது அவருடைய ஊர் நியாஃபுங்கே. 1999இல் அந்த ஊரின் பெயரிலேயே வந்த இசைத்தொகுப்புக்காக லண்டன் நிறுவனமான வேர்ல்ட் சர்க்யூட், கருவிகளை அங்கேயே கொண்டு போனது. பாழடைந்து கிடந்த ஒரு கட்டடம்தான் ஸ்டுடியோ. மின்சாரத்துக்கு ஜெனரேட்டர். அவருக்கு வயல் வேலை ஒழிந்த நேரத்தில்தான் பதிவு. கேட்டுப் பாருங்கள், நாலு சுவருக்குள் பாடியதுபோலவே இருக்காது.

1939இல் பிறந்தவர். தாய்க்குப் பத்தாவது மகன்; முன்னால் பிறந்த யாரும் தங்கவில்லை. பிள்ளை தங்கவேண்டுமே என்று நம் பக்கம் குப்புசாமி என்று பெயர் வைப்பதில்லையா, அங்கே ‘ஃபர்க்கா’ என்று வைத்தார்கள். கழுதை என்று பொருள். தந்தை பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து இறந்தவர். தூரே குடும்பம் உயர்குடி. பாட்டும் வாத்தியமும் அங்கே பரம்பரைப் பாணர்களின் தொழில். வீட்டில் யாருக்கும் பிடிக்காத வித்தையைப் பையன் தானாகவே கற்றான். சுரைக்குடுக்கையில் தோல் போர்த்திய ஒற்றைத் தந்தி வாத்தியம்தான் ஆரம்பம். பிறகு, வில்லால் இழைக்கும் ‘நியார்க்கா’. ஆற்று ஆவிகளை அழைக்கும் வாத்தியங்கள் அவை என்பது சோங்காய் மக்களின் நம்பிக்கை. அலியும் கடைசிவரை அதை நம்பினார்.

1956இல் கினி நாட்டுக் கலைஞர் ஃபோதேபா கேத்தாவின் நிகழ்ச்சியைப் பார்த்தபோது கிட்டார் ஆசை பிடித்துக்கொண்டது. ஒற்றைத் தந்தியில் பழகிய விரல்களை அப்படியே ஆறு தந்திக்கு மாற்றினார். சொந்தமாகக் கிட்டார் வாங்கியது 1968இல், பல்கேரியாவின் சோஃபியா நகரில் நடந்த விழாவுக்குப் போனபோது. வாசிப்பைக் கவனித்தால், தடித்த தந்தி ஆதார ஸ்ருதியைப்போல அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். மேல் தந்திகளில் சின்னச் சின்னச் சுழிப்புகள். அவசரமே கிடையாது.

இதற்கிடையே மெக்கானிக், டிரைவர், ஆற்றில் ஆம்புலன்ஸ் படகு ஓட்டி என்று பல பிழைப்புகள். 1970 முதல் பத்து வருடம் தலைநகர் பமாக்கோவில் ரேடியோ மாலியில் சவுண்ட் இன்ஜினியர். எனக்கு அவர்மேல் தனி ஒட்டுதல் வந்ததற்கு, ஒளிப்பானேன், இதுதான் காரணம். அங்கே பதிவு செய்த டேப்புகளைப் பாரிஸுக்கு அனுப்பித்தான் முதல் ரிகார்டுகள் வெளிவந்தன. அதில் ஒன்று லண்டன்வரை போய்ச் சேர, 1980களில் வேர்ல்ட் சர்க்யூட் ஆட்கள் அவரைத் தேடி பமாக்கோ வந்தார்கள். கண்டுபிடித்தது எப்படி? வானொலியில் அறிவிப்புக் கொடுத்து!

மேல்நாட்டுப் பத்திரிகைகள் அவரை ‘ஆப்பிரிக்காவின் ஜான் லீ ஹூக்கர்’ என்றன. புகழ்ச்சிதான், ஆனால் தலைகீழ்ப் புகழ்ச்சி. ஹூக்கரின் அமெரிக்க ப்ளூஸை முதலில் கேட்டபோது, அது மாலி இசை என்றே அலி நினைத்தாராம். அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களோடு போன இசை, வேர் எங்கள் மண்ணில் என்பது அவர் வாதம். இசை ஆய்வாளர்கள் இதில் இன்னும் ஒருமனதாக இல்லை. என் காதுக்கு அலி சொல்வதுதான் சரி. சோங்காய், ஃபுலானி, தமாஷேக் என்று பல மொழிகளில் அவர் பாடியவை ஆற்றையும் உழவையும் உழைப்பையும் பற்றியவை. ப்ளூஸின் புலம்பல் அவற்றில் குறைவு.

அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ரை கூடருடன் சேர்ந்து செய்த ‘டாக்கிங் திம்புக்து’ (1994) கிராமி விருது வாங்கியது. வேறொருவராக இருந்தால் லாஸ் ஏஞ்சல்ஸில் வீடு வாங்கியிருப்பார். இவர் பணத்தை நிலத்தில் போட்டார். முதலில் தான் விவசாயி, பிறகே பாடகர் என்பதைப் பேட்டிகளில் அலுக்காமல் சொன்னார். 2004இல் நியாஃபுங்கேயின் மேயராகவும் ஆனார். கைக்காசைப் போட்டுச் சாலை சமன் செய்தார், சாக்கடைக் கால்வாய் வெட்டினார், ஊருக்கு மின்சாரம் தந்த ஜெனரேட்டருக்கு எரிபொருளும் வாங்கிப் போட்டார்.

மாலிக் கலைஞர் துமானி ஜபாத்தேயின் கோரா என்ற தந்தி வாத்தியத்தோடு, ஒத்திகையே இல்லாமல் வாசித்த ‘இன் த ஹார்ட் ஆஃப் த மூன்’ 2006 பிப்ரவரியில் அவருக்கு இரண்டாவது கிராமியைத் தந்தது. எலும்புப் புற்றுநோய் முற்றியிருந்தது, மார்ச்சில் இறந்தார். மாலி வானொலிகள் வழக்கமான நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டு அவர் பாட்டையே போட்டன. உடல் நியாஃபுங்கேயில் அடக்கம். 2012இல் ஆயுதக் குழுக்கள் வடக்கு மாலியைப் பிடித்து இசைக்குத் தடை போட்டபோது அந்த ஊரும் தப்பவில்லை.

மகன் வியூ பாடகனாவதை அலி விரும்பவே இல்லை. இசைத் தொழிலில் தான் பட்ட ஏமாற்றம் போதும், பட்டாளத்துக்குப் போகட்டும் என்றார். மகனும் தகப்பனைப்போலவே அடங்காதவன். ஒளிந்து ஒளிந்து கற்றுக்கொண்டான். கடைசியில் தகப்பன் இறங்கிவந்து, நோயோடு உட்கார்ந்து அவனுடைய முதல் தொகுப்பில் வாசித்தும் கொடுத்தார். அந்தத் தொகுப்பின் வருமானத்தில் பத்து சதவீதத்தை, மலேரியாவைத் தடுக்கக் கொசுவலை வாங்க மகன் ஒதுக்கினார்.