இரணியனுக்கு லீவு கிடைக்குமா?

தஞ்சாவூர் பக்கத்துல மெலட்டூர்னு ஒரு சின்ன ஊர். வருஷா வருஷம் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி, வரதராஜப் பெருமாள் கோயில் முன்னாடி பாகவத மேளா நடக்கும். வெங்கடராம சாஸ்திரி தெலுங்கில் எழுதிய நாட்டிய நாடகங்கள். முக்கியமானது பிரகலாத சரித்திரம். ஆடுறவங்களுக்கு இது தொழில் இல்லை. வெளியூர்ல வேலை பார்க்குறவங்க லீவு போட்டு வந்து வேஷம் கட்டுவாங்க.

எங்க ஐடி உலகத்துல 'பஸ் ஃபேக்டர்'னு ஒரு கணக்கு உண்டு: எத்தனை பேர் திடீர்னு இல்லாமப் போனா ப்ராஜெக்ட் படுத்துடும்? இங்க அந்த எண் ரொம்பச் சின்னது. பாட்டு, ஜதி, தெலுங்கு வசனம் மூணும் தெரிஞ்ச இரணியனை ஒரே வாரத்துல தயார் பண்ண முடியாதே! அதனால பசங்களைச் சின்ன வயசுலயே மேடை ஏத்திடணும். பிரகலாதனோட அம்மா லீலாவதி வேஷமும் ஆண்களுக்குத்தான். மரபுதான், புரியுது. ஆனா ஊர்ல பாதிப் பேரை வெளிய நிறுத்திட்டு ஆள் தேடுறது எனக்கு ஒப்பலை.