தூர்ந்த ஏரியும் பைக் பேட்டரியும்

காலையில் செல்ஃப் பொத்தானை அழுத்தினால் ‘டிக் டிக்’ என்று ரிலே மட்டும் அடிக்கிறது. இரவு முழுக்க சார்ஜரில் கிடந்து, பச்சை விளக்கு எரிந்த பிறகு கழற்றி மாட்டிய பேட்டரி அது. நிறைந்துவிட்டது என்றது சார்ஜர்; ஒன்றுமே இல்லை என்கிறது வண்டி. யார் சொல்வது பொய்?

இருவருமே பொய் சொல்லவில்லை. தூர்ந்துபோன ஏரியைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஒரு மழைக்கே கலிங்கலில் தண்ணீர் வழியும். பதினைந்தே நாளில் தரை தெரியும். ஏரி நிரம்பியது உண்மைதான். அடியில் மண் சேர்ந்து, கொள்ளளவு சுருங்கிவிட்டது.

பேட்டரியில் சேரும் மண்ணுக்குப் பெயர் ஈய சல்பேட். 1859இல் பிரான்ஸைச் சேர்ந்த காஸ்டன் பிளாண்டே உருவாக்கிய ஈய-அமில பேட்டரியின் வேதியியல்தான் இன்றும் பெரும்பாலான பைக்குகளின் சீட்டுக்கடியில் இருக்கிறது. நீர்த்த கந்தக அமிலத்தில் நிற்கும் ஈயத் தகடுகளிலிருந்து மின்சாரத்தை எடுக்க எடுக்க, அவற்றின் மேல் ஈய சல்பேட் படியும். உடனே சார்ஜ் செய்தால் கரைந்துவிடும். பாதி காலியான பேட்டரியை வாரக்கணக்கில் அப்படியே போட்டு வைத்தால்தான் வினை: பொடியாக இருந்தது கெட்டிப் படிகமாகிவிடும். படிகம் மூடிய பகுதி இனி வேலை செய்யாது. உள்ளே மின்தடையும் கூடுவதால், சார்ஜரில் போட்டதும் வோல்ட் சரசரவென்று ஏறும். பச்சை விளக்கு சீக்கிரமே எரிந்துவிடும்.

இப்போது சில நூறு ரூபாய் மல்டிமீட்டரை எடுங்கள். வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து அளக்க வேண்டும். ஓட்டி வந்த சூட்டோடு அளந்தால் எண் உப்பித் தெரியும். “12 வோல்ட் பேட்டரி, 12 வோல்ட் காட்டுகிறதே, நன்றாகத்தானே இருக்கிறது?” என்று கேட்காதவர் குறைவு. உள்ளே இருப்பவை ஆறு செல்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.1 வோல்ட். நிறைந்த பேட்டரி 12.6 முதல் 12.8 வரை காட்டும். 12 என்றால் ஏறக்குறைய காலி. முழுதாகச் சார்ஜ் செய்த பிறகும் 10.5 பக்கத்திலேயே நின்றால் ஒரு செல் செத்துவிட்டது, அதற்கு மருந்தில்லை. மீட்டரைப் பார்த்தபடியே செல்ஃப் அடியுங்கள். முழு சார்ஜில் இருந்தும் எண் 9.6க்குக் கீழே சரிந்தால் ஏரி தூர்ந்துவிட்டது என்று பொருள்.

சரியவில்லையா? அப்படியானால் பேட்டரி நிரபராதி. நான் ஒரே வருடத்தில் இரண்டு பேட்டரி மாற்றிய பிறகுதான் இந்தப் பாடம் ஏறியது. குற்றவாளி, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையருக்குப் போகும் ஒயரில் கருகிப்போயிருந்த ஒரு பிளாஸ்டிக் சாக்கெட். இன்ஜினை ஓடவிட்டு, ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கி, பேட்டரி முனைகளில் அளந்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். பொதுவாக 13.5இலிருந்து 14.5 வரை வர வேண்டும். 12.5இலேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை: முதலில் சாக்கெட், பிறகு மின்சாரம் தரும் மேக்னட் காயில், கடைசியாக ரெக்டிஃபையர் என்று பாருங்கள். மூன்று ஒயர் வரும் காயில் என்றால், இன்ஜின் ஓடும்போது எந்த இரண்டுக்கு நடுவே ஏசி வோல்ட் அளந்தாலும் ஒரே அளவு வர வேண்டும். ஒரு ஜோடி மட்டும் குறைந்தால் காயில் போய்விட்டது. மாறாக 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது. பேட்டரி தண்ணீர் கொதித்து வற்றிக்கொண்டே இருக்கும், டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி மாளாது.

பேட்டரியும் சார்ஜிங்கும் சரி என்றால், மூன்றாவது காரணம் மடையில் கசிவு. சாவியை எடுத்த பிறகும் மின்சாரத்தைக் குடிப்பவை: ஜிபிஎஸ் கருவி, அலாரம், நேரடியாக இணைத்த மொபைல் சார்ஜர். 20 மில்லி ஆம்பியர்தானே என்று தோன்றும். 5 ஆம்பியர்-ஹவர் பேட்டரியை அது 250 மணி நேரத்தில், பத்தே நாளில், துடைத்துவிடும். நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, இடையில் மீட்டரை ஆம்பியரில் வைத்துப் பார்க்கலாம். அந்த நேரத்தில் செல்ஃப் அடித்துவிடாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். எப்போதும் நெகட்டிவைத்தான் முதலில் கழற்ற வேண்டும். பாசிட்டிவில் ஸ்பேனர் வைத்திருக்கும்போது அது சேஸிஸில் பட்டால் தீப்பொறிதான்.

முன்பெல்லாம் பேட்டரி செத்தாலும் கிக்கரை உதைத்து வீடு சேர்ந்தோம். 2020இல் பிஎஸ்6 மாசு விதிகள் வந்ததோடு பரவிய ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் பெட்ரோல் பம்புக்கே மின்சாரம் வேண்டும்; அடியோடு காலியான பேட்டரியை வைத்துக்கொண்டு தள்ளினாலும் பயனில்லை. 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் இன்ஜின் ஓடும்போது ஹெட்லைட்டை அணைக்கவும் வழியில்லை. இரண்டு கிலோமீட்டரில் கடைத்தெரு, நாலு முறை செல்ஃப் என்று ஓட்டுபவரின் பேட்டரிக்குச் செலவழித்ததைத் திரும்பப் பெறவே நேரமிருக்காது.

லேசாகத் தூர்ந்ததை மீட்கப் பார்க்கலாம். கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தில், அதாவது 5 ஆம்பியர்-ஹவருக்கு அரை ஆம்பியரில், சார்ஜ் செய்ய வேண்டும், அதுவும் காற்றோட்டமான இடத்தில். மறுநாள் திரும்ப அளந்து பார்த்துத்தான் நம்ப வேண்டும். புதிது வாங்குவதானாலும் அவசரம் வேண்டாம். அமிலம் ஊற்றும் வகையென்றால் முதல் சார்ஜுக்குச் சில மணி நேரம் பிடிக்கும். பத்தே நிமிடத்தில் ஊற்றி மாட்டித் தந்தால், வாங்கிய அன்றே தூர் சேரத் தொடங்கிவிடும்.