சுன்னாகம்: அன்று வடமொழி, இன்று கொரியம்

காங்கேசன்துறை வீதியால் சுன்னாகம் சந்தையைக் கடக்கும்போது, மின்கம்பங்களிலும் மதில்களிலும் ஒட்டியிருக்கும் வகுப்பு விளம்பரங்களை வாசித்துக்கொண்டு போவது என் பழக்கம். முன்பெல்லாம் கணிதம், பௌதிகம், ஆங்கிலம் என்றுதான் இருக்கும். இப்போது அவற்றோடு கொரிய மொழியும் சேர்ந்துவிட்டது. வெளிநாட்டுத் தொழிலாளரை எடுக்கும் அனுமதி முறையைத் தென்கொரியா 2004இல் தொடங்கியபோது, முதலில் ஒப்பந்தம் செய்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. அங்கே தொழிற்சாலை வேலைக்குப் போவதென்றால் கொரிய மொழிப் பரீட்சையில், வாசித்தலிலும் கேட்டலிலும் தேற வேண்டும்.

அப்படிப் படிக்கும் அயல்வீட்டுப் பெடியன் ஒருவன் அண்மையில் சொன்னான்: "ஐயா, கொரியனும் தமிழும் ஒரே தாய் வயித்துப் பிள்ளையள். அவையும் அம்மாவை ஒம்மா எண்டும் அப்பாவை அப்பா எண்டும்தான் கூப்பிடினம்." அந்த முகத்தில் இருந்த மகிழ்ச்சியை நான் குறைக்க விரும்பவில்லை. ஆனால் அவன் நின்று கதைத்த ஊர் எப்படிப்பட்டது என்று அவனுக்குச் சொல்லத்தான் வேண்டும் என்று தோன்றியது.

மொழியோடு மொழியை வைத்துப் பார்ப்பது சுன்னாகத்துக்குப் புதிதல்ல. 1854இல் இங்கே பிறந்த அ. குமாரசுவாமிப் புலவர் முருகேச பண்டிதரிடம் தமிழும் நாகநாத பண்டிதரிடம் வடமொழியும் கற்றார். காளிதாசனின் மேகதூதத்தைத் தமிழில் காரிகையாகப் பாடினார், இதோபதேசத்தை மொழிபெயர்த்தார், தமிழ் வினைச்சொற்களின் பகுதிகளை ஆராய்ந்து வினைப்பகுதி விளக்கம் எழுதினார். அவருடைய கடைசிக் காலத்தில், 1921இல், வித்தியாதரிசியாக (பாடசாலைப் பரிசோதகராக) இருந்த தி. சதாசிவ ஐயர் ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கத்தை நிறுவினார். அந்தப் பெயரைக் கவனியுங்கள். இரண்டு மொழிக் குடும்பங்களையும் ஒரே பெயருக்குள் வைத்த சங்கம் அது. அதன் பிராசீன பாடசாலை சுன்னாகத்தில்தான் இருந்தது. புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையர் 1932 வரை அங்கே கற்பித்தார். அவருடைய குறிப்புகளோடு தொல்காப்பிய எழுத்ததிகாரத்தை 1937இல் ஈழகேசரிப் பத்திரிகையின் நா. பொன்னையா வெளியிட்டார்.

அந்த வகுப்பறைகளில் தற்சமம் (ஓசை மாறாமல் வரும் வடசொல்), தற்பவம் (மாறி வரும் வடசொல்) என்ற சொற்கள் அன்றாடம் புழங்கியிருக்கும். வடசொல் தமிழுக்குள் வரும்போது அதன் ஓசை எப்படி மாறும் என்பதற்கு நன்னூல் விதி வகுத்திருக்கிறது. விஷம் விடமாகும், பங்கஜம் பங்கயமாகும். ஒரு சொல்லில் நடந்த மாற்றம் அதேமாதிரியான இன்னொரு சொல்லிலும் நடக்க வேண்டும். நடந்தால்தான் அது விதி. காதுக்கு ஒன்றுபோலக் கேட்கிறது என்று மட்டும் சொல்லும் மாணவனை அந்த ஆசிரியர்கள் உட்காரச் சொல்லியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

கொரியத்தைத் தமிழோடு முதலில் வைத்துப் பார்த்தவர்கள் நாங்கள் அல்ல. கால்டுவெல்லின் திராவிட ஒப்பிலக்கணம் 1856இல் வந்தது. அதற்குப் பின், சியோலில் ஆசிரியராக இருந்த அமெரிக்கர் ஹோமர் ஹல்பர்ட் 1905இல் கொரிய மொழிக்கும் திராவிட மொழிகளுக்குமான ஒப்பிலக்கணம் ஒன்றை வெளியிட்டார். அந்த ஆண்டு சுன்னாகத்தில் புலவருக்கு ஐம்பத்தொரு வயது. ஹல்பர்ட் கண்ட ஒற்றுமைகளில் பல இன்றைக்கும் கொரியம் படிக்கத் தொடங்குபவரின் கண்ணில் முதலில் படுபவை: வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். "நான் பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன்" என்பதைச் சொல்லுக்குச் சொல் கொரியத்தில் வைத்துவிடலாம். தமிழ்ப் பிள்ளைக்கு அந்த மொழி விரைவில் பிடிபடுவதற்கு இது பெரிய உதவி.

ஆனாலும் ஒப்பிடுவதற்கு இரண்டு மொழி போதாது. மூன்றாவது ஒன்றை நடுவில் வைத்தால்தான் தராசு நேராக நிற்கும். நான் எடுத்தது, சிங்களத்தைப் போலவே வடமொழியின் குடும்பத்தைச் சேர்ந்த அசாமியம். அதோடு எங்களுக்கு ஒரு பழைய ஒட்டும் உண்டு. அமெரிக்க மிஷன்காரர் மானிப்பாயில் 1841இல் உதயதாரகையை அச்சிட்டார்கள். ஐந்து ஆண்டு கழித்து வேறொரு அமெரிக்க மிஷன் அசாமின் சிப்சாகரில் அருணோதய் என்ற பத்திரிகையைத் தொடங்கியது. இரண்டுக்கும் விடியலைத்தான் பெயராக வைத்தார்கள்.

அசாமியத்தில் அப்பாவைத் தேவுதா என்பார்கள். "அப்பா" என்பதோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்று பெடியன் சொல்லுவான். சரிதான், அதன் உறவு வடமொழியின் தேவதாவோடு. தகப்பனைத் தெய்வமாகக் கூப்பிடுகிறார்கள். விஷம் அங்கே பிஹ். ஏழு என்பதற்கு வடமொழியில் சப்த. சப்தமி திதியில் அதை நாங்களும் சொல்லுகிறோம். சிங்களத்தில் அது ஹத. அசாமியத்தில் சாத் என்று எழுதி, சகரத்தைத் தொண்டையில் உரசி ஹாத் என்பதுபோலச் சொல்லுவார்கள். சகரம் தேய்ந்து போவதை இரண்டு மொழியிலும் சொல்லுக்குச் சொல் காட்ட முடியும். காதுக்கு எட்டாத உறவு விதிக்கு எட்டுகிறது.

எங்கள் திராவிடப் பக்கத்திலும் அப்படித்தான். பாகிஸ்தானின் பலுசிஸ்தானில் பேசப்படும் பிராகூயி மொழியில் இரண்டு என்பது இரட், மூன்று என்பது முசிட். அத்தனை தூரத்தில் இருந்தும் அது திராவிட மொழி. கொரியன் எண்ணும்போது ஹனா, துல், செத் என்கிறான். ஒன்று, இரண்டு, மூன்றோடு அவற்றை இணைக்க எந்த விதியும் கிடைக்கவில்லை. அம்மாவும் அப்பாவும் சான்றாகா. உதட்டை மூடித் திறக்கும் குழந்தையின் வாயில் முதலில் வருபவை மகரமும் பகரமும்தான். உலகின் எத்தனையோ மொழிகள் அவற்றைத் தாய் தகப்பனுக்கு வைத்திருக்கின்றன.

அப்படியென்றால் வாக்கிய அமைப்பு? அதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். வீட்டுக்கு வந்தவருக்கு நாங்கள் "சாப்பிட்டுப் பாருங்கோ" என்கிறோம். சாப்பாட்டைக் கண்ணால் பார்க்கச் சொல்லவில்லை, ருசி அறியச் சொல்லுகிறோம். சிங்களவர் "காலா பலன்ன" என்பார்கள், தின்று பாருங்கள். அசாமியர் "காய் சாஒக்" என்பார்கள். அதுவும் தின்று பாருங்கள். கொரியர் "மொகொ பொசெயோ" என்பார்கள். அதுவும் அதே தின்று பாருங்கள்தான். தமிழ் ஒரு குடும்பம், சிங்களமும் அசாமியமும் இன்னொரு குடும்பம், கொரியம் வேறொன்று. மூன்று வேறு வீட்டுக்காரர் ஒரே மாதிரி விருந்தாளியை உபசரிக்கிறார்கள். இத்தகைய ஒற்றுமைகள் தென்னாசியாவில் குடும்ப எல்லைகளைத் தாண்டிப் பரவிக் கிடப்பதையும், கொரியா, ஜப்பான் வரை நீள்வதையும் மொழியியலாளர் கொலின் மசிக்கா 1976இல் ஒரு நூலிலேயே காட்டினார்.

மரியாதையும் அப்படியே. தமிழ்நாட்டுப் பேச்சில் அருகிவிட்ட "நீர்" எங்கள் வீடுகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது: நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி. அசாமியரும் தொய், துமி, ஆபுனி என்று மூன்று படி வைத்திருக்கிறார்கள். கொரியர் அந்தப் படிகளை வினையின் கடைசியில் வைக்கிறார்கள்.

அன்றைய ஒப்பீட்டுக்கும் ஒரு குறை இருந்தது. பண்டிதர்களின் பார்வை பெரும்பாலும் வடமொழியோடு நின்றது. பக்கத்தில் இருந்த சிங்களத்தை அவர்கள் வகுப்பறைக்குள் கொண்டுவரவில்லை. நல்லூர் ஞானப்பிரகாச சுவாமிகள்தான், 1938இல் வெளிவரத் தொடங்கிய தமது சொற்பிறப்பு ஒப்பியல் அகராதியில், அந்த வேலியைத் தாண்டினார். இன்றைய பெடியளிடம் விதி இல்லை, ஆனால் பண்டிதர்களுக்குக் கிடைக்காத ஒன்று இருக்கிறது. அவர்கள் அந்த மொழிக்குள் போய் ஐந்தாறு ஆண்டு வாழ்ந்து, வேலைத்தளத்தில் ஏச்சும் பேச்சும் கேட்டு, அதைக் காதில் சுமந்துகொண்டு திரும்பி வருகிறார்கள். மேகதூதத்தைப் பாடிய புலவருக்கு வடமொழி ஏட்டில் கிடைத்தது. அதில் ஏச்சு வாங்கும் வாய்ப்பு அவருக்கு இல்லை.

"தமிழிலை படிக்கப் புத்தகம் காணாது ஐயா, சிங்களத்திலைதான் கனக்க" என்றும் அந்தப் பெடியன் சொன்னான். கொரியாவில் இருந்து திரும்பியவர்களிடம் நான் கேட்பது இதுதான். ஒரு கொப்பியை எடுங்கள். தமிழ், சிங்களம், கொரியம் என்று மூன்று நிரல் போடுங்கள். நீங்கள் கேட்ட வாக்கியங்களை எழுதுங்கள், ஒத்தவற்றை மட்டுமல்ல, ஒவ்வாதவற்றையும். எழுதி முடித்ததும் அதில் ஒரு பிரதியைச் சுன்னாகம் பொது நூலகத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள்.