பதினாறு மில்லிநொடி

அம்பத்தூரில் என் அக்கா வீட்டு மாடியறைக்கு நேர் மேலே மொட்டைமாடி. அக்னி நட்சத்திரத்தில் அங்கே மின்விசிறியைப் போட்டால் மேலேயிருந்து அனல்தான் இறங்கும். 2025 கோடை விடுமுறையில் அந்த அறையில் ஒரு கேமிங் கம்ப்யூட்டரை நாங்களே அசெம்பிள் செய்வது என்று முடிவானது. பத்தாவது முடித்திருந்த அக்கா மகனுக்கு வாலரன்ட் விளையாட வேண்டும். பிளஸ் டூ போகிற அவன் அக்காவுக்கு பிளெண்டரில் முப்பரிமாண உருவங்கள் செய்யப் பழக வேண்டும். மானிட்டரையும் சேர்த்து 75 ஆயிரம், அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது என்று அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள்.

பையன் யூடியூப் பார்த்து ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தான். "மாமா, கிராபிக்ஸ் கார்டுக்கு அம்பதாயிரம். மீதியில மத்ததெல்லாம் பாத்துக்கலாம்."

எல்லாப் பையன்களும் போடுகிற பட்டியல்தான் இது. கடைசி வரியில் "எஸ்.எம்.பி.எஸ்." என்று மட்டும் எழுதி, எது என்று எழுதாமல் விட்டிருந்தான். நான் அந்த வரியிலிருந்துதான் பேச்சைத் தொடங்கினேன். அவனுக்கு அது பிடிக்கவில்லை.

முதலில் ஒரு கணக்கு. திரையில் ஓடும் விளையாட்டு உண்மையில் அசையாத படங்களின் வரிசை. நொடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்கு 16.7 மில்லிநொடி. அதற்குள் எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எந்தச் சுவரில் பட்டது, கதவு திறந்ததா என்பதையெல்லாம் பிராசசர் கணக்கிட வேண்டும். பிறகு கிராபிக்ஸ் கார்டு 1920-க்கு 1080 என்ற கட்டத்தில் உள்ள 20,73,600 புள்ளிகளுக்கும் நிறம் தீர்மானிக்க வேண்டும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டராக இருந்தால் அவகாசம் 6.9 மில்லிநொடியாகச் சுருங்கிவிடும். பிராசசர் பின்தங்கினால் கார்டு கை கட்டி நிற்கும். கார்டு பின்தங்கினால் பிராசசர் காத்திருக்கும். ஐம்பதாயிரத்துக்குக் கார்டு வாங்கி, பழைய பிராசசரோடு கட்டிப்போட்டால் பாதிப் பணம் வேலை செய்யாமல் உட்கார்ந்திருக்கும்.

இரண்டின் வேலை முறையும் வேறு. நாங்கள் கடைசியில் வாங்கிய ரைசன் 5 5600 பிராசசரில் இருப்பவை ஆறே கோர்கள். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டில் 3,584. இதில் எது உசத்தி என்று கேட்கக் கூடாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் சி.என்.சி. ஓட்டும் அத்தானுக்கு நான் இப்படிச் சொன்னேன்: பிராசசரில் இருப்பது டூல்ரூமின் ஆறு மாஸ்டர்கள், எந்த வரைபடம் வந்தாலும் யோசித்து முடிப்பார்கள். கார்டில் இருப்பது 3,584 ஆபரேட்டர்கள், எல்லோரும் ஒரே வேலையை ஒரே சமயத்தில் செய்வார்கள். இருபது லட்சம் புள்ளிக்கு நிறம் பூச ஆபரேட்டர்கள் வேண்டும், "இப்போது யார் சுட்டது" என்று தீர்க்க மாஸ்டர் வேண்டும். அத்தான் உடனே தலையாட்டினார்.

அவருக்குப் பிடித்த இன்னொரு விஷயம், எந்தக் கம்பெனி பாகமும் எந்தக் கம்பெனி பாகத்தோடும் பொருந்துவது. 1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது பிராசசரை இன்டெல்லிடமும் இயங்குதளத்தை மைக்ரோசாஃப்டிடமும் வாங்கிக்கொண்டது. உள்ளமைப்பையும் புத்தகமாகவே அச்சிட்டுக் கொடுத்தது. ஊரே அதைப் பார்த்துச் செய்யத் தொடங்கிவிட்டது. 1995-இல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்ற அளவுத்திட்டத்தைக் கொண்டுவந்தது. மதர்போர்டில் திருகு ஓட்டை எங்கே வர வேண்டும், மின்சாரம் எந்த வடிவ இணைப்பில் வர வேண்டும் என்றெல்லாம் அதில்தான் எழுதியிருக்கிறது. சென்னையில் கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற ஒரு தெரு பிழைப்பது அந்த ஓட்டைகளின் தயவில் என்று சொன்னால் மிகையில்லை.

சரி, எந்தக் கார்டு? இங்கே விளையாட்டைக் கேட்க வேண்டும், விளம்பரத்தை அல்ல. வாலரன்ட் 2020-இல் வந்தது. சுமாரான கணினிகளிலும் ஓட வேண்டும் என்றே செய்யப்பட்டது. நொடிக்கு 144 படத்துக்கு மேல் வேண்டுமென்றால்கூட, 2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ போதும் என்றுதான் அதைச் செய்தவர்களே பட்டியல் தந்தார்கள். பையன் முகம் வாடிப்போனது. அவன் அக்காவுடைய தேவைதான் உண்மையில் கனமானது. பிளெண்டரில் ஒரு காட்சியை ரெண்டர் செய்யும்போது அந்தக் காட்சி முழுவதும் கார்டின் நினைவகத்தில் அடங்கினால்தான் வேகம் குறையாது. அந்த மென்பொருளின் வேகப்படுத்தும் வழிகளும் என்விடியா கார்டுகளில்தான் நன்கு பழகியிருக்கின்றன. அதனால் 12 ஜிபி நினைவகம் உள்ள ஆர்டிஎக்ஸ் 3060. தம்பி விளையாட வந்த கார்டு அக்காவின் வேலையால் தீர்மானிக்கப்பட்டது. வீட்டில் நெடுநாளாக நடந்துவந்த ஒரு அநீதிக்கு இது சிறிய பரிகாரம்.

பிராசசர், போர்டு, ராம் மூன்றும் ஒன்றாகத்தான் வாங்கப்பட வேண்டும். சாக்கெட் பொருந்தாவிட்டால் எதுவும் நடக்காது. ஏஎம்4 சாக்கெட் பழையது, விலை குறைவு, அதற்கு டிடிஆர்4 ராம். ஏஎம்5 சாக்கெட் 2022-இல் வந்தது, நாளை பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் டிடிஆர்5 ராம் கேட்கும். 75 ஆயிரத்தில் நாங்கள் பழையதைத் தேர்ந்தோம். ராம் 16 ஜிபியை ஒரே குச்சியாக வாங்காமல் எட்டு எட்டாக இரண்டு. ஒரு குச்சி நொடிக்கு 25.6 ஜிபி தரவைக் கடத்தும் என்றால், சரியான துளைகளில் போட்ட இரண்டு குச்சிகள் 51.2 ஜிபி கடத்தும். ஒரே விலை, இரண்டு மடங்கு பாதை. அந்த வருடம் முடிவதற்குள் செயற்கை நுண்ணறிவுக் கம்பெனிகள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டதில் ராம் விலை எகிறியது வேறு கதை. எங்களுக்கு அதிர்ஷ்டம்.

இனி அந்தக் கடைசி வரி.

சுவரில் வருவது 230 வோல்ட் மாறுமின்சாரம். பிராசசருக்கும் கார்டுக்கும் வேண்டியது 12 வோல்ட் நேர்மின்சாரம், அதுவும் ஏறாமல் இறங்காமல். இந்த மாற்றத்தைச் செய்யும் பெட்டிதான் எஸ்.எம்.பி.எஸ். எத்தனை வாட் என்று பார்ப்பது எளிது: கார்டு 170, பிராசசர் அதிகபட்சம் 76, மற்றவை ஒரு 50. ஆக முந்நூறுக்குப் பக்கம். 550 வாட் வாங்கினால் கணநேர எழுச்சிகளுக்கும் இடம் இருக்கும். ஆனால் அட்டையில் அச்சிட்ட எண்ணை மட்டும் நம்பக் கூடாது. என் முதல் கம்ப்யூட்டரில், கேபினட்டோடு இலவசமாக வந்த '450 வாட்' பெட்டி ஒரு சாயங்காலம் கரண்ட் திரும்பி வந்த நொடியில் "டப்" என்றது. போகும்போது போர்டையும் கூட்டிக்கொண்டு போனது. 80 பிளஸ் சான்று, ஐந்து வருட வாரண்டி, கையில் எடுத்தால் ஓரளவு கனம், இவை மூன்றும் இல்லாத பெட்டியை நான் இப்போது தொடுவதில்லை.

இன்னொரு அளவு இருக்கிறது, அதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. சுவர் மின்சாரம் நின்றாலும் பெட்டிக்குள் இருக்கும் பெரிய கெபாசிட்டர் தன்னிடம் சேர்த்து வைத்ததைக் கொண்டு கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். எவ்வளவு நேரம்? நல்ல பெட்டியில், முழுச் சுமையில், சுமார் 16 மில்லிநொடி. ஏறத்தாழ ஒரு படத்துக்கான அவகாசம்.

ஆவடியிலும் அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் பல வீடுகளில் இன்வெர்ட்டர் இருக்கிறது. பின்பக்கத்தில் சின்ன சுவிட்ச் ஒன்று இருக்கும், 'யுபிஎஸ்', 'நார்மல்' என்று. நார்மலில் இருந்தால் பேட்டரிக்கு மாற 40 மில்லிநொடிவரை ஆகலாம். மின்விசிறிக்கும் டியூப்லைட்டுக்கும் அது பெரிய விஷயமில்லை. கம்ப்யூட்டருக்கோ 16-இல் உயிர் போய்விடும். யுபிஎஸ் பக்கம் தள்ளினால் 10 மில்லிநொடிக்குள் மாறிவிடும். தனியாக ஒரு யுபிஎஸ் வாங்க நினைப்பவர்கள் முதலில் அந்த சுவிட்சைப் பார்க்கலாம். இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையா என்றும் பார்க்க வேண்டும். இந்தக் காலத்து நல்ல எஸ்.எம்.பி.எஸ்.கள் அலையின் வடிவத்துக்கு ஏற்பக் கரண்டை இழுப்பவை. பழைய சதுர அலை இன்வெர்ட்டரில் அவை முனகும், சிலசமயம் அணைந்துபோகும்.

எர்த் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கேபினட் திருகைத் தொட்டால் விரலில் சுள்ளென்று எறும்பு கடிப்பதுபோல் இருக்கிறதா? பெரும்பாலும் கம்ப்யூட்டர் கெட்டுப்போயிருக்காது. சுவர்ப் பிளக்கின் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. எஸ்.எம்.பி.எஸ்.ஸில் உள்ள வடிகட்டிக் கெபாசிட்டர்கள் கசியவிடும் துளி மின்சாரம் போக வழியில்லாமல் உலோகத்தில் நிற்கிறது. வாடகை வீடுகளில் இது சகஜம். எலக்ட்ரீஷியனுக்கு அரைநாள் வேலை, ஆனால் கார்டு வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை.

வெப்பத்துக்கு வருவோம். யூடியூபில் பிராசசர் சூட்டை அளப்பவர்கள் பெரும்பாலும் 22 டிகிரி ஏ.சி. அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே 68 டிகிரி காட்டுகிறது என்றால், அறையைவிட 46 டிகிரி அதிகம் என்று பொருள். காற்றால் குளிரவைக்கும்போது இந்த வித்தியாசம்தான் ஏறக்குறைய மாறாமல் இருக்கும். அக்கா வீட்டு மாடியறை மே மாதம் 38 டிகிரி என்றால் அதே பிராசசர் 84-க்குப் போகும். ரைசன் 5 5600-இன் எல்லை 90. அதை நெருங்கினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், பையன் "லேக் ஆகுது மாமா" என்பான். அதனால் பெட்டியோடு வரும் குட்டிக் கூலருக்குப் பதில் உயரமான டவர் கூலர். கேபினட்டின் முன்பக்கம் கண்ணாடி வேண்டாம், வலை வேண்டும். எஸ்டேட் லாரிகள் கிளப்பும் தூசிக்குக் கழற்றிக் கழுவும் ஃபில்டரும் வேண்டும். பக்கவாட்டில் கண்ணாடி இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுக்கொடுத்தேன், விளக்கு எரிவது தெரியாவிட்டால் அவன் வயதில் என்ன சுகம்.

அக்கா கேட்ட ஒரே கேள்வி கரண்ட் பில். முழுச் சுமையில் சுவரிலிருந்து 350 வாட், தினம் நான்கு மணி நேரம் என்றால் 1.4 யூனிட், இரண்டு மாதத்துக்கு 84. அவர்கள் வீட்டில் ஏற்கெனவே நானூற்று இருபது ஓடுகிறது. 500-ஐத் தாண்டினால் ஸ்லாப் மாறி பில் ஏறிவிடும். "அப்போ நாலு மணி நேரம் இல்லடா, மூணு" என்றாள். கம்ப்யூட்டர் வரும் முன்பே சட்டம் வந்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை எலெக்ட்ரிக் டிரெயினில் மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ், அங்கிருந்து மெட்ரோவில் ஒரே நிறுத்தம், அரசினர் தோட்டம். ஞாயிறு போனால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் பெரும்பாலும் ஷட்டரைத்தான் பார்க்க வேண்டும். நரசிங்கபுரம் தெரு வரை நடந்து நான்கு கடைகளில் கொட்டேஷன் வாங்கச் சொன்னேன். பேசியது முழுக்கப் பிள்ளைகள், நான் பின்னால் நின்றேன். ஒரு கடையில் பிராசசரை எண்ணூறு ரூபாய் குறைத்துச் சொன்னார்கள். பெட்டியில்லாத டிரே பிராசசர், அதற்குக் கூலரும் வராது, பெட்டியில் வருவதற்குள்ள வாரண்டியும் இருக்காது. அக்கா மகள்தான் கேட்டுக் கண்டுபிடித்தாள். இன்னொரு கடையில் பழைய கார்டு பாதி விலை. 2022 செப்டம்பரில் எதிரியம் கிரிப்டோ நாணயம், கிராபிக்ஸ் கார்டுகளை ஓட்டி நாணயம் ஈட்டும் சுரங்க முறையைக் கைவிட்டபோது, இரவு பகலாக ஓடித் தேய்ந்த கார்டுகள் உலகம் முழுக்கச் சந்தைக்கு வந்தன. எது எங்கே ஓடியது என்று யாருக்கும் தெரியாது. சீரியல் எண் எழுதிய ஜி.எஸ்.டி. பில் தந்ததை மட்டுமே வாங்கிக்கொண்டு வந்தோம்.

அசெம்பிள் செய்யச் சாயங்காலம் முழுக்க ஆனது. பிராசசரின் மூலையில் உள்ள தங்க முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு சேர்த்து வைத்தால் தானே இறங்கும், அழுத்தவே கூடாது. அடியில் 1,331 ஊசிகள், ஒன்று வளைந்தாலும் போச்சு. மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தவள் அக்கா மகள். நிலைமின்சாரத்துக்குப் பயந்து கையில் பட்டை கட்டச் சொல்வார்கள். நம் ஊர் ஈரக்காற்றில் அந்த ஆபத்து குறைவு, கேபினட்டை ஒருமுறை தொட்டுக்கொண்டால் போதும். வியர்வைத் துளி போர்டில் விழாமல் பார்ப்பதுதான் பெரும்பாடு.

பட்டனை அழுத்தினோம். விசிறிகள் சுற்றின, விளக்கு எரிந்தது, திரை கறுப்பு. பையன் கண்ணில் நீர் தளும்பியது. அவன் எச்டிஎம்ஐ ஒயரைக் கார்டில் செருகாமல் போர்டில் செருகியிருந்தான். இந்தப் பிராசசரில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது, அந்தத் துளையிலிருந்து எதுவும் வராது. மாற்றிச் செருகியதும் வந்தது. பிறகு பயோஸில் போய் ராமின் வேகத்தை 3200-க்கு ஏற்றினோம். மானிட்டர் தானாக 60 ஹெர்ட்ஸில் நின்றிருந்ததை 144-க்கு மாற்றினோம். இந்த இரண்டையும் மறந்து வருடக்கணக்கில் ஓட்டும் வீடுகள் எனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் இரவு எட்டு மணிக்கு மேல் தெரு முழுக்கக் கரண்ட் போனது. எதிர்வீட்டில் யாரோ "போச்சுடா" என்றார்கள். இன்வெர்ட்டர் "டக்" என்று மாறிய சத்தம் கீழேயிருந்து கேட்டது. நான் மாடிக்கு ஓடினேன். பையன் ஹெட்செட்டோடு திரையைவிட்டுக் கண் எடுக்காமல் இருந்தான்.

"கரண்ட் போயிடுச்சுடா."

"எப்போ?" என்றான்.