தோற்றவர் இல்லாத விளையாட்டு!

குட்டீஸ்! தாயம், பரமபதம் ஆடினால் ஒருவர் ஜெயிப்பார், மற்றவர்கள் தோற்பர். நண்பர்கள் எல்லாரும் ஒரே அணியாக ஆடும் விளையாட்டு ஒன்று உண்டு. பெயர், 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்!'

மேஜையைச் சுற்றி நான்கைந்து பேர் அமர்வர். ஒருவர் கதைசொல்லி. மற்றவர்கள் வீரன், மந்திரவாதி, திருடன் என வேஷம் ஏற்பர்.

'குகைக்குள் டிராகன் தூங்குகிறது. என்ன செய்வீர்கள்?' என்பார் கதைசொல்லி. சண்டை போடலாம், நைசாகப் புதையலை எடுக்கலாம், பேசியே சமாளிக்கலாம். நினைத்தது நடக்குமா? 20 முகம் கொண்ட பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் தப்பித்தீர்கள். 1 விழுந்தால், அம்போ தான்!

இதை உருவாக்கியவர்கள், அமெரிக்காவின் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன். அப்போது கைகாக்ஸ் வேலை இழந்து, வீட்டிலேயே ஷூ ரிப்பேர் செய்து பிழைத்தார். விளையாட்டை வெளியிட நிறுவனம் கிடைக்கவில்லை. மனம் தளராமல், 1973ல் நண்பர் டான் கேயுடன் சேர்ந்து சொந்த நிறுவனம் துவங்கினார். 1974ல், 1,000 பெட்டிகள் வெளிவந்தன. அத்தனையும் விற்றுத் தீர்ந்தன!

அன்று ஆடிய சிறுவர்கள் பலர், இன்று தாத்தாக்கள். விளையாட்டுக்கு மட்டும் வயதாகவில்லை.

பேப்பர், பென்சில், பகடை, கொஞ்சம் கற்பனை போதும். வரும் விடுமுறையில் நீங்களும் ஒரு கதையைத் துவங்கிப் பாருங்களேன்!