அறுக்கும் மின்சாரமும் அது திரும்பும் வழியும்

அறுத்தலும் சுடுதலும் மருத்துவத்தின் பழந்தொழில்கள். தனக்கு வலி செய்யும் மருத்துவனையே நம்பிப் பற்றி நிற்கும் நோயாளியைக் குலசேகராழ்வார் தம் பெருமாள் திருமொழியில் உவமையாக எடுத்தாண்டுள்ளார். சித்த மருத்துவமும் தன் புற மருத்துவ முறைகளுள் அறுவையையும் சுட்டிகையையும் சேர்த்துக் கூறும். அன்று தனித்தனியே நின்ற அவ்விரு தொழில்களையும் இன்று ஒரே கருவி செய்து முடிக்கிறது. பினாங்கு ஜார்ஜ் டவுன் மருத்துவமனைகளின் அறுவைக் கூடங்களில் ‘டயாதெர்மி’ என வழங்கும் மின் அறுவைக் கருவியே அது. தசையை அறுக்கும்போதே இரத்தக் குழாயின் வாயைச் சுட்டு அடைப்பது அதன் சிறப்பு.

மின்சாரம் உடலிற் பாய்ந்தால் உயிருக்கே கேடாயிற்றே, அறுவைக்கு அது எங்ஙனம் பயன்படும் என்னும் ஐயம் எழுதல் இயல்பு. வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்றுகளாக மாறி மாறி ஓடுவது. அவ்வேகத்தில் தசைகள் இழுத்துப் பிடிக்கும். இதயம் நின்றுவிடவும் கூடும். டயாதெர்மியோ அம்மின்சாரத்தை வினாடிக்குச் சில இலட்சம் சுற்றுகளுக்கு உயர்த்திவிடுகிறது. மத்திய அலை வானொலியின் அலைவரிசைக்கு இது அண்மையானது. இத்துணை விரைவாக மாறும் மின்சாரத்திற்கு நரம்பும் தசையும் துடிப்பதில்லை, வெப்பமே விளையும். இவ்வுண்மையைப் பிரெஞ்சு அறிஞர் தார்சோன்வால் 1890களின் தொடக்கத்தில் ஆய்ந்து காட்டினார். பின்னர் அமெரிக்க அறிஞர் வில்லியம் போவி அமைத்த கருவியைக் கொண்டு, 1926 அக்டோபர் 1 அன்று பாஸ்டன் நகரில் ஹார்வி குஷிங் அறுவை செய்தார். முன்பு இரத்தப் பெருக்கினால் இடையில் நிறுத்த நேர்ந்த தலைக் கட்டி ஒன்றை அவர் அன்று அகற்றியதே இக்கருவியின் புகழுக்கு அடிப்படையாயிற்று.

இக்கருவியைப் பற்றி முதலில் அறிய வேண்டியது ஒன்றுண்டு: உட்சென்ற மின்சாரம் திரும்பி வந்தே தீரும். மருத்துவர் கையிலுள்ள முனை வழியே உடலுட் புகும் மின்சாரம், நோயாளியின் தொடையிலோ முதுகிலோ ஒட்டப்பட்ட அகன்ற தகட்டின் வழியே கருவிக்கு மீள்கிறது. புகுமிடத்தில் சுடும் அம்மின்சாரம் வெளியேறுமிடத்தில் சுடாதிருப்பதற்குக் காரணம் பரப்பளவே. ஆற்று நீர் மதகில் சீறும். வயலில் பரவியபின் அமைதியாகும். முனையின் பரப்பு 1 சதுர சென்டிமீட்டர், தகட்டின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர் எனக் கொண்டால், மின்னோட்டத்தின் செறிவு தகட்டில் நூறில் ஒரு பங்கு. வெப்பம் செறிவின் இருமடிக்கேற்ப அமைவதால் அது பத்தாயிரத்தில் ஒரு பங்கு.

இக்கணக்கைத் திருப்பிப் பார்த்தால் ஆபத்து விளங்கும். தகடு பாதி பெயர்ந்துவிட்டால் எஞ்சிய பாதியில் வெப்பம் நான்கு மடங்காகும். மயக்கத்தில் கிடக்கும் நோயாளி ‘சுடுகிறது’ என்று சொல்ல இயலாது. புண் விழிப்பு வந்த பின்னரே தெரியும். ஆதலின் தகட்டை நல்ல தசைப்பற்றும் இரத்த ஓட்டமும் உள்ள இடத்தில் ஒட்டுவர். எலும்பு புடைத்த இடம், தழும்பு, அடர்ந்த மயிர், உள்ளே உலோகம் பொருத்திய மூட்டு ஆகியவற்றைத் தவிர்ப்பர். எண்ணெய் பூசிய மேனியில் தகடு பற்றாது. தேங்காயெண்ணெய் தேய்க்கும் வழக்கமுடையோர் இதனை நினைவில் வைத்தல் நன்று. தகட்டின் ஒட்டுதல் குறைந்தால் தானே எச்சரித்து நின்றுவிடும் கருவிகள் 1980களில் பரவின. ஆயினும் தகட்டைச் சரியாக ஒட்ட வேண்டியது மனிதர் கையே.

அடுத்த கேடு தீ. எரிபொருள், பிராணவாயு, பொறி ஆகிய மூன்றும் கூடினால் தீ பிறக்கும். அறுவைக் கூடத்திலோ மூன்றும் அருகருகே உள்ளன. தோலைத் தூய்மை செய்யும் சாராயக் கலவையும் உறைதுணியும் எரிபொருள். பொறியைத் தருவது டயாதெர்மி. எனவே சாராயம் பூசியபின் குறைந்தது மூன்று நிமிடமேனும் உலரவிடுதல் வேண்டும். மயிரில் தோய்ந்தால் இன்னும் நெடுநேரமாகும். கொப்பூழிலோ துணிமடிப்பிலோ அது தேங்கலாகாது. முகம், கழுத்து ஆகியவற்றில் அறுவை செய்யுங்கால் பிராணவாயுவின் அளவைக் கூடியவரை குறைத்த பின்னரே கருவியை இயக்குவர். பயன்படாதபோது முனையை நோயாளியின் மேல் கிடத்தாது, அதற்குரிய உறையில் இடுவர். எழும் புகையும் தீங்குடையதாதலின் அதை உறிஞ்சி அகற்றுதல் வேண்டும்.

இதயத் துடிப்பை ஒழுங்குசெய்யும் பேஸ்மேக்கர் பொருத்தியவர்க்குத் தனிக் கவனம் தேவை. டயாதெர்மியின் மின்சாரத்தை இதயத்தின் துடிப்பென்றே பேஸ்மேக்கர் தவறாக உணர்ந்து, தன் பணியை நிறுத்திவிடக் கூடும். அவர்களுக்கு இயன்றவிடத்து இருமுனைக் கருவி விரும்பப்படுகிறது. இதில் மின்சாரம் சாமணத்தின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கே செல்வதால் உடலைக் கடந்து போவதில்லை, தகடும் வேண்டுவதில்லை.

மலேசியாவில் மருத்துவக் கருவிகள் 2012ஆம் ஆண்டின் 737ஆம் சட்டப்படி பதிவு பெறுதல் வேண்டும். சட்டம் கருவியின் தரத்தைக் காக்கும். நோயாளியின் உடலில் என்ன உள்ளது என்பதை நோயாளியிடமே கேட்டறிய வேண்டும். தமிழும் மலாயும் ஹொக்கியனும் ஒலிக்கும் பினாங்கில் அக்கேள்வி முதியவர்க்குப் புரியும் மொழியில் கேட்கப்படுதல் இன்றியமையாதது. பேஸ்மேக்கர் உண்டா, எந்தக் காலில் உலோகம் பொருத்தப்பட்டது, மூக்குத்தியும் மெட்டியும் கழற்றப்பட்டனவா என்பவை சிறு கேள்விகளே. தாலியைக் கழற்றத் தயங்கும் பெண்கள் அதற்கு ஈடாக மஞ்சள் கயிறு அணிந்து செல்வது ஏற்ற வழி. கழற்ற இயலாத நகையிருப்பின் அதனை முன்பே சொல்லிவிடல் வேண்டும்.

மயக்க மருந்து ஏறிய பின் நோயாளிக்குப் பேச்சில்லை. அவர் பேச வேண்டியவற்றையெல்லாம் அதற்கு முன் பேச வைப்பதும், பேசியதைக் கேட்டுக் கொள்வதுமே இக்கருவியைக் கையாள்வோரின் முதற் கடமை.