புடைவையும் நச்சு உலோகமும்

கச்சான் காற்று வீசும் வைகாசி, ஆனி மாதங்களில் நிலாவெளியில் வெப்பம் மிகுந்திருக்கும். வலை இழுப்போரும், உப்பளத்தில் உழைப்போரும், பாடசாலை செல்லும் சிறுவரும் வியர்வையில் நனைவர். உடுத்த ஆடை உடலோடு ஒட்டிக்கொள்ளும். அவ்வேளையில் ஆடைக்கும் தோலுக்கும் இடையே ஒரு கொடுக்கல் வாங்கல் நடைபெறுகின்றது. ஆடை வியர்வையை உறிஞ்சுகின்றது. வியர்வையோ ஆடையிலுள்ள சாயத்தையும் பிற பொருள்களையும் சிறிது சிறிதாகக் கரைத்தெடுக்கின்றது. அவ்வாறு கரைந்து வருவனவற்றுள் ஈயம், கட்மியம் முதலிய நச்சு உலோகங்கள் உளவோ என்று ஆராய்வது புடைவை ஆய்வுகூடங்கள் செய்யும் பணிகளுள் ஒன்று.

பஞ்சிலும் நூலிலும் உலோகம் எங்ஙனம் வந்தது என்று வினவலாம். சாயத்திற்கும் உலோகத்திற்கும் உள்ள உறவு மிகப் பழையது. வட இலங்கையின் மணற்பாங்கான கரையோரங்களில் முற்காலத்தில் சாயவேர் அகழப்பட்டது. அவ்வேரின் செந்நிறம் தனியே நின்றால் பருத்தியில் நிலைபெறாது. படிகாரத்தில் தோய்த்த துணியிலேயே அது ஊன்றி நிற்கும். படிகாரத்திலுள்ள அலுமினியமே நூலையும் நிறத்தையும் பிணைக்கும் கட்டு. இக்காலச் செயற்கைச் சாயங்கள் சிலவற்றில் குரோமியம், செம்பு, கோபாற்று ஆகியன அவ்வாறே அமைந்துள்ளன. மயில்நீல நிறந் தரும் சாயங்கள் பலவற்றின் நடுவே செம்பு இருக்கின்றது. பொலியெஸ்தர் இழையை ஆக்கும்போது அந்திமனிச் சேர்வை துணைப்பொருளாகச் சேர்க்கப்படுகின்றது. மஞ்சளும் சிவப்புமான சில நிறப்பொடிகள் ஈயத்தாலும் கட்மியத்தாலும் ஆனவை. பொத்தானிலும் சிப்பிலும் நிக்கல் இருத்தல் கூடும்.

ஆயினும் உலோகம் யாவும் நஞ்சு என்று அஞ்சுதல் தவறு. நிலாவெளிக்கு வடக்கே புல்மோட்டைக் கரையில் எடுக்கப்படும் இல்மனைற்று மணலில் தைத்தானியம் என்னும் உலோகம் உண்டு. அவ்வுலோகத்தின் வெண்ணிற ஒட்சைட்டு, செயற்கை இழைகளின் மிகையான பளபளப்பைக் குறைப்பதற்கு உலகெங்கும் பயன்படுகின்றது. அதனை எவரும் ஈயத்தோடு ஒருசேர வைத்து எண்ணுவதில்லை. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது; அதற்குத் தீங்கற்ற அளவென ஒன்று அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. கட்மியம் சிறுநீரகத்தையும் எலும்பையும் தாக்கும். நிக்கல் தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும். குரோமியத்தின் இரு வடிவங்களுள் ஆறு வலுவளவு உடையது தோல் ஒவ்வாமைக்கும் புற்றுநோய்க்கும் காரணமாவது. மூன்று வலுவளவு உடையதோ அத்துணைக் கொடியதன்று.

இங்கே ஒரு நுட்பமான வேறுபாட்டை உணர்தல் வேண்டும். துணியில் உலோகம் இருப்பது ஒன்று. அது துணியைவிட்டு வெளியே வருவது வேறொன்று. சாயத்தின் நடுவே இறுகப் பிணைந்த செம்பு நெடுங்காலம் அங்கேயே தங்கிவிடும். தளர்வாக ஒட்டிய உலோகம் முதல் வியர்வையிலேயே புறப்பட்டுவிடும். ஆகையால் ஆய்வாளர் இரு வினாக்களை எழுப்புகின்றனர். மொத்தமாக எவ்வளவு உளது? வியர்வை எவ்வளவை வெளியே கொணரும்?

முதல் வினாவிற்கு விடை காணத் துணியைச் செறிந்த நைத்திரிக் அமிலத்திலிட்டு, மூடிய கலத்தில் நுண்ணலை அடுப்பின் வெப்பத்தால் முற்றாகக் கரைத்துவிடுகின்றனர். இரண்டாம் வினாவிற்கு ஆய்வுகூடத்திலேயே வியர்வை ஆக்கப்படுகின்றது. உப்பும், பொசுபேற்று உப்பொன்றும், இஸ்ரிடின் என்னும் அமினோ அமிலமும் நீரிற் கலந்து, மனித வியர்வையை ஒத்த மெல்லிய புளிப்புத் தன்மைக்கு அக்கரைசல் கொண்டுவரப்படும். சிறு துண்டுகளாக வெட்டி நிறுத்த துணியை அதிலிட்டு, உடல் வெப்பமாகிய 37 பாகை செல்சியசில் ஒரு மணி நேரம் குலுக்கிய பின் வடித்தெடுப்பர். சட்டையின் துணி, அச்சிட்ட படம், பொத்தான் ஆகியவை தனித்தனியே ஆராயப்படும். ஒன்றின் குற்றம் மற்றொன்றின் தூய்மையில் மறைந்துவிடலாகாது.

வடித்த நீரில் உலோகத்தை அளப்பது எவ்வாறு? அவுத்திரேலிய விஞ்ஞானி அலன் உவோல்சு 1952 இல் கருதி 1955 இல் வெளியிட்ட முறை இதற்குப் பெருந்துணையாயிற்று. கரைசலைச் சுவாலையில் தூவினால் அதிலுள்ள உலோகம் அணுக்களாகப் பிரியும். ஒவ்வோர் உலோகத்தின் அணுவும் தனக்கே உரிய ஒளியை மாத்திரம் உறிஞ்சும். எவ்வளவு ஒளி குறைந்ததோ அதைக்கொண்டு எவ்வளவு உலோகம் உளது என்று கணிக்கலாம். பல ஆயிரம் பாகை வெப்பமுடைய ஆகன் வாயுப் பிழம்பைக் கொண்டு பல உலோகங்களை ஒரே வேளையில் அளக்கும் கருவிகளும் பின்னர் வந்துள்ளன. துணியே இடாத வெறுங் கரைசலும் உடன் அளக்கப்படும். கண்ணாடிக் கலத்தின் அழுக்கோ நீரின் மாசோ துணியின் குற்றமாகப் பதியப்படாமற் காப்பது இவ்வொழுங்கே.

அளவுகள் மிக நுண்ணியவை. ஐரோப்பிய ஒன்றியம் 2018 இல் இயற்றி, 2020 நவம்பர் 1 முதல் நடைமுறைப்படுத்திய விதியின்படி, ஆடையிலிருந்து பிரித்தெடுக்கப்படும் ஈயம், கட்மியம், ஆசனிக்கு, ஆறு வலுவளவுக் குரோமியம் ஒவ்வொன்றும் கிலோகிராமுக்கு 1 மில்லிகிராமை மிஞ்சலாகாது. ஐம்பது கிலோகிராம் அரிசி மூடைகள் இருபதினுள் ஒரே ஒரு கிராம் எவ்வளவோ, அவ்வளவே அது. அமெரிக்க நாட்டின் 2008 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், 2011 ஆகத்து முதல் சிறுவர் பொருள்களில் மொத்த ஈயம் பத்து இலட்சத்தில் நூறு பங்கைத் தாண்டலாகாது. ஆயினும் சாயமிட்ட துணிக்கும் சாயமிடாத துணிக்கும் இவ்வீயச் சோதனை வேண்டியதில்லை என்று அந்நாடு 2009 இல் விலக்களித்தது; அச்சுப் படங்களும் உலோகப் பொத்தான்களும் சிப்புகளும் அவ்விலக்கைப் பெறவில்லை. ஈயத்தைப் பொறுத்தமட்டில் ஐயம் எங்கே கூடுதலாக எழவேண்டும் என்பதை இவ்வேற்பாடு உணர்த்துகின்றது.

இலங்கையின் கைத்தொழில் ஏற்றுமதிகளுள் ஆடை முதலிடம் பெறுவது. 1955 இல் கொழும்பில் விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சி நிறுவகம் அமைக்கப்பட்டது. அதன் வழிவந்த கைத்தொழில் தொழினுட்ப நிறுவகம் இன்றும் இரசாயனச் சோதனைகளை நடத்துகின்றது. ஆகவே அறிவுக்கும் கருவிக்கும் இந்நாட்டிற் பஞ்சமில்லை. ஆனால் ஐரோப்பாவின் சட்டம் ஐரோப்பாவின் சந்தையையே காக்கும். கப்பலேறும் சட்டைக்கு வாங்குவோன் சான்று கேட்கின்றான். கேட்பதனால் அது கிடைக்கின்றது. திருகோணமலைப் புடைவைக் கடையில் தொங்கும் சட்டையை அச்சட்டம் தொடாது. அதற்குச் சான்று கேட்கவேண்டியவர் இந்நாட்டவரே.

தனி மனிதர் ஒருவர் ஒரு சட்டையை ஆய்வுகூடத்திற்கு அனுப்புதல் இயலாது. பெருந்தொகையாக வாங்குவோருக்கு அது இயலும். மாணவருக்கு இலவசச் சீருடைத் துணி வழங்கும் அரசாங்கத் திட்டம் 1993 இல் தொடங்கிற்று. அத்தகைய கொள்வனவுகளில் ஒரு தொகுதிக்குச் சில மாதிரிகளைச் சோதித்தால், அச்செலவு பல்லாயிரம் பிள்ளைகளின் ஆடைகளுக்குப் பகிரப்படும். ஒரு பிள்ளைக்கு மிகச் சொற்பமே வரும். மருதமுனைக் கைத்தறியாளர் போன்றோருக்கோ நெய்த துணியைப் பின்னர் சோதிப்பதினும், வாங்கும் சாயத்திற்கே சான்று கேட்பது இலாபம்.

இல்லங்களில் செய்யத்தக்கவையும் உள. புத்தாடையைத் துவைத்த பின் உடுத்துவது ஒட்டாத சாயத்தை நீக்கும். கைக்குழந்தை சட்டையின் அச்சுப் படத்தையும் சிப்பையும் சப்பாதபடி தாய்மார் பார்த்துக்கொள்ளல் வேண்டும். ஈயம் தோலினும் வாய்வழியே எளிதிற் புகும். எனினும் சாயம் போகும் துணியெல்லாம் நஞ்சுடையதன்று. சாயம் போகாத துணியெல்லாம் தூயதுமன்று. கண்ணால் இதனைத் துணிய இயலாது. பிற நாட்டுப் பிள்ளைக்கு ஆகாதது நிலாவெளிப் பிள்ளைக்கும் ஆகாது. கடல் கடந்து செல்லும் ஆடைக்கு வைக்கப்படும் அளவுகோலை வீட்டில் உடுக்கும் ஆடைக்கும் வைப்பதே நீதி.